மூன்றாவது பேஸில் அம்மா

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் பனி. எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில்.

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதுவேன். நல்லது, கெட்டது, எனக்கு வெட்கம் தருவது, எல்லாம். உவமை கிடையாது. (தமிழ் மிஸ் என் கட்டுரை ஓரத்தில் ‘உவமை குறைக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார்.) யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் யாருக்காகவும் மாற்றி எழுதத் தேவையில்லை.

முதல் செய்தி. அம்மா பெண்கள் கல்லூரியில் சாஃப்ட்பால் துணைப் பயிற்சியாளர். நான் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே துணை. தலைமைப் பயிற்சியாளர்கள் வருவார்கள், கொஞ்ச காலம் இருப்பார்கள், நல்ல வேலை கிடைத்ததும் போவார்கள். அம்மா இருப்பாள். கடைசி சார் பொங்கலுக்கு முன் ஓசூரில் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார். அவர் இடம் காலி.

நேற்று கல்லூரிச் செயலாளர் (இனி செ.) அம்மாவைக் கூப்பிட்டாராம். அம்மாவிடம் பயிற்சியாளர் டிப்ளமோ இல்லை. இருந்தாலும் சேலம் மண்டலப் போட்டியில் கோப்பையோடு வந்தால் அம்மாவே தலைமைப் பயிற்சியாளர். வராவிட்டால் வெளியிலிருந்து ஆள்.

இதைச் சொல்லும்போது அம்மா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சாம்பாரில் இரண்டு தடவை உப்பு.

அப்பா (சாப்பிட்டுக்கொண்டே): “ஜெயிச்சாலும் வேற ஆளத்தான் போடுவாங்க. பாத்துக்கினே இரு.”

அம்மா அவர் தட்டில் மோர் ஊற்றினாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வேதியியல் தேர்வு. சுமார். சமன்பாடு ஒன்று தப்பு.

பள்ளி விட்டதும் நேராகக் கல்லூரி மைதானம். கம்பைநல்லூர் பஸ்ஸில் இடமில்லை, படியில் நின்றேன். (அம்மாவுக்குச் சொல்லக் கூடாது.)

தரையில் பதித்த மூன்று பேஸ் திண்டுகளையும் வரிசையாகத் தொட்டு, அடித்த இடமான ஹோமுக்கு ஓடி வந்தால் ஒரு ரன். அம்மாவிடம் ஒரு பழக்கம். ஓடுகிறவள் மூன்றாவது பேஸில் திரும்பும்போது முதுகில் கைவைத்து ஒரு தள்ளு. விழுந்தால் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஓட விடுவாள். “வலிய ஹோம்ல போயி பாத்துக்கலாம், எந்திரி கண்ணு.” வருடக்கணக்காக இப்படித்தான்.

மேட்சில் இது கூடாது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பயிற்சியாளர் கைகொடுத்தால் ஓடுகிறவள் அவுட். விதிப்புத்தகத்தில் நானே படித்திருக்கிறேன். அதனால் மேட்ச் என்றால் அம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். துணைப் பயிற்சியாளர் நிற்பது முதல் பேஸ் பக்கம். அங்கே வாயால் சொன்னால் போதும், கைக்கு வேலையில்லை.

இந்தத் தடவை அம்மாதான் மூன்றாவது பேஸ் பக்கம் நிற்க வேண்டும். சைகையெல்லாம் அங்கிருந்துதான். தொப்பி, காது, முழங்கை, பெல்ட். இன்று பழகினாள். கை தடுமாறுகிறது.

கவிப்பிரியா (இரண்டாம் ஆண்டு, அணியிலேயே வேகமாக ஓடுகிறவள், இனி க.பி.) சொன்னாள்: “மேடம், கொசு அடிக்கறீங்களா, சிக்னல் குடுக்கறீங்களா?” எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்.

பிறகு தனியாகப் போய் பைப்பில் முகம் கழுவினாள். ரொம்ப நேரம்.

பிப்ரவரி 4, புதன்

துணி மடிக்கும்போது கேட்டேன்: துணைப் பயிற்சியாளர்கள் கடைசியில் என்ன ஆவார்கள்? அம்மாவுக்குத் தெரிந்தவர்கள்:

சாந்தி அக்கா – அம்மாவோடு பல்கலைக்கழக அணியில் ஆடியவர். இப்போது சேலத்தில் துணிக்கடை, பட்டுப்பிரிவு.

கலா மேடம் – மூன்று கல்லூரி மாறிவிட்டார். ஒவ்வொன்றிலும் துணை.

அரூர்க்காரர் ஒருவர் – இரண்டு ஏக்கரை விற்று டிப்ளமோ முடித்தார். தலைமை ஆனார். இப்போது அம்மாவைப் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி.

ஒரு அக்கா – போலீஸ் வேலை, விளையாட்டு ஒதுக்கீட்டில். “அவ தப்பிச்சிக்கினா.”

ஒருத்தர் – என்ன ஆனார் என்று தெரியாது.

நீ ஏன் டிப்ளமோ படிக்கவில்லை என்று கேட்டேன். “நீ பொறந்துட்ட.” சாதாரணமாகத்தான் சொன்னாள், வெயிலடிக்கிறது என்று சொல்வதைப் போல. (உவமை. இருக்கட்டும்.) அதன்பின் என்னால் ஒரு வரியும் படிக்க முடியவில்லை. இயற்பியல் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

அம்மாவும் அணியும் காலை ரயிலில் சேலம். போன் வந்தது. இரண்டு ஆட்டமும் வெற்றி. நாளை இறுதி.

அப்பா சரக்கு ஆட்டோவைக் கழுவினார். என்னிடம்: “நாளைக்கி நீயும் போ. ஸ்கூலு லீவுதான?” காசு கொடுத்தார். தீர்த்தமலை இருக்கும் பக்கம் பார்த்து ஒரு தடவை கும்பிட்டார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. ஜெயிச்சாலும் வேற ஆள்தான் என்று சொன்னவர்.

நான் ராத்திரி சாப்பிடவில்லை.

பிப்ரவரி 7, சனி

திரும்பும் ரயிலில் எழுதுகிறேன். மொரப்பூர் வரப்போகிறது. எழுத்து ஆடுகிறது. முழுதாக எழுத வேண்டும்.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு பக்கமும் நாலு ரன். எங்கள் பக்கம் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆள் போனால் இன்னிங்ஸ் முடிந்தது. க.பி. இரண்டாவது பேஸில், அவள் ஹோமுக்கு வந்தால் கோப்பை. அம்மா தொப்பியைத் தொட்டாள், முழங்கையைத் தொட்டாள். கை தடுமாறவே இல்லை. அடித்த பெண் பந்தை வலது பக்கம் தூரமாக அனுப்பினாள். க.பி. ஓடினாள். அம்மா ஒரு கையைச் சுற்றிச் சுற்றி, நிற்காதே, போ என்று காட்டினாள்.

மூன்றாவது பேஸைத் தாண்டித் திரும்பும் இடத்தில் சரளை. க.பி. வழுக்கி முழங்கால் தேய விழுந்தாள்.

அம்மா குனிந்தாள். இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். முதுகில் ஒரு தள்ளு.

க.பி. ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தாள். பெண்கள் கத்திக்கொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். நானும் கத்தினேன்.

அம்மா மட்டும் நின்ற இடத்தில் நின்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரணியான சேலம் கல்லூரியின் கோச் நடுவரிடம் ஓடினார். நடுவர்கள் இருவருமே பந்து போன பக்கம் பார்த்திருந்தார்களாம். ஒருவர் அம்மாவிடம் வந்தார். நான் வேலிக்கு இந்தப்புறம், பக்கத்தில்தான். தெளிவாகக் கேட்டது.

“மேடம், புள்ளைய நீங்க தூக்கி உட்டீங்களா?”

“ஆமாங்க. தூக்கினேன்.”

அவுட். ரன் இல்லை. ஆட்டம் நீண்டது. அடுத்த இன்னிங்ஸில் அவர்கள் ஒரு ரன் எடுத்தார்கள். நாங்கள் எடுக்கவில்லை.

ரயிலில் க.பி. முழங்காலில் கர்ச்சீப். எதிர் சீட்டில் ஒரு அம்மாள், எங்கே போய் வருகிறீர்கள், கோயிலுக்கா என்று கேட்டார். ஆமாங்க என்றாள் ஒருத்தி.

பிப்ரவரி 8, ஞாயிறு

பால் பொங்கி வழிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

வெட்கம் தருவதையும் எழுதுவேன் என்று சொன்னேன். எழுதுகிறேன். அம்மா ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். நடுவர் கேட்டபோதே மனதுக்குள் சொல்லு, இல்லைன்னு சொல்லு என்று வேண்டினேன். இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

கேட்டே விட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “யோசிக்க நேரம் இருந்திருந்தா இல்லன்னுதான் சொல்லியிருப்பேன். அவரு கேட்டதும் வாயி சொல்லிருச்சி.”

விதி தெரியுமே என்றேன்.

“தெரியும். உழுந்துட்டாளேடி. கை போயிருச்சி.”

முதல் பேஸ் பக்கம் நின்றிருந்தால் கை பின்னால் இருந்திருக்கும். சைகை கொடுப்பதற்காக அவிழ்த்த கை. இதை நான் சொல்லவில்லை. அம்மாவுக்கே தெரிந்திருக்கும்.

மதியம் க.பி. போன். அழுகை எனக்கே கேட்டது. தான் விழுந்திருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா கேட்டது ஒன்றுதான்: “முட்டிக்கு மருந்து வெச்சியா?”

அப்பா பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். அம்மாவுக்குப் பிடித்த வறுகடலை வாங்கி வந்திருந்தார். பொட்டலம் பிரிக்காமலே கிடக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

செ. அம்மாவைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அவர் சொல்வதற்கு முன்பே தானே விலகிவிடுவது என்று அம்மா முடிவு. இஸ்திரி போட்ட புடவை. கண்ணாடி முன் ஒத்திகை: “நான் வேலய உட்டுடறேங்க சார்.”

நான் இன்னும் நல்லதாக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். ‘இத்தனை ஆண்டுகள் எனக்களித்த வாய்ப்புக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்.’

“இப்படிப் பேசுனா அவரு பயந்துருவாருடி.” சனிக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பள்ளியில் எதுவும் காதில் ஏறவில்லை. கணக்கு மிஸ் எழுப்பிக் கேட்டார், முழித்தேன்.

நாலரைக்கு வீடு. அம்மா புடவை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

புது ஆள் போட்டாயிற்று. சனிக்கிழமை சாயங்காலமே போட்டாயிற்றாம். டிப்ளமோ உண்டு. செ. கோபிக்கவில்லை. அன்பாகத்தான் பேசினாராம். அந்தத் தம்பி சின்ன வயசு, நீங்க கூட இருந்து பார்த்துக்குங்க, பழையபடி துணையாவே இருங்க என்றாராம்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“சரிங்க சார்னு சொல்லிட்டேன்.”

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத வேண்டும்: உனக்கு ரோஷமே இல்லையா என்று கேட்டேன். உன்னைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது என்றேன். இரண்டாவதாகச் சொன்னது பொய். அதையும் எழுதுகிறேன்.

அம்மா கத்தவில்லை. “உட்டுட்டு? துணிக்கடைல போயி புடவய பிரிச்சிப் பிரிச்சிப் போட்டுக்கினு நிக்கணும். எனக்கு வேற என்னடி தெரியும்? பந்து எங்க உழும்னு தெரியும். அவ்ளோதான தெரியும்.”

அப்பா வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவே இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. வேதியியல் தாள் கொடுத்தார்கள். 38/50. அம்மாவிடம் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. இருவரும் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்பது பற்றி மட்டும் பேசினோம்.

பிப்ரவரி 11, புதன்

மைதானத்துப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரக் கூடாது என்றிருந்தேன். வந்துவிட்டேன்.

புது சார் பைக்கில் வந்தார். ஒல்லி. நல்லவர்தான் போலிருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். பெண்களை வரிசையாக நிற்கவைத்துத் தன் பெயர் சொன்னார். பிறகு பக்கத்தில் கைகாட்டி: “இவங்க செல்வி மேடம். உங்க அசிஸ்டென்ட் கோச். இவங்க சொல்றதையும் கேக்கணும்.”

யாரும் சிரிக்கவில்லை. க.பி. தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. புது சாருக்கு எதுவும் புரியவில்லை. ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று அம்மாவைப் பார்த்தார்.

அம்மா: “ஒண்ணும் இல்லிங்க சார். போங்க புள்ளைங்களா, ரெண்டு ரவுண்டு ஓடுங்க.”

ஓடினார்கள். க.பி. நொண்டிக்கொண்டே.

இடைவேளையில் அம்மா படிக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவாள் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம்கூடத் தயார். அவள் வரவில்லை. புது சாருக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பயிற்சி முடிந்தது. பெண்கள் விடுதிக்குப் போய்விட்டார்கள். புது சார் அம்மாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு பைக்கை எடுத்தார். இருட்டிவிட்டது. கம்பத்து விளக்கு மட்டும். அம்மா தனியாக பேஸ்களைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருக்கிறாள். முதலாவது ஆயிற்று. இரண்டாவது ஆயிற்று. போய் ஒரு கை பிடிக்கலாம். இந்த வரியை முடித்துவிட்டுப் போகிறேன்.

வாட்ச்மேன் அம்மாவைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. லைட்டை அணைத்துவிட்டார்.