பக்கத்து இருக்கை

மார்ச் 3, செவ்வாய்

இன்று என்னிடம் புதிதாகக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு பேங்க் மேனேஜர். கியரை மாற்றச் சொன்னால் வைப்பரை ஓடவிடுகிறார். தெரு என்ன பாவம் செய்தது?

மத்தியானம் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கழுத்துக் கட்டி திரும்ப வந்திருக்கிறது. நிணநீர்ப் புற்று, மூன்றாவது தடவை. "பழைய மருந்துக்கெல்லாம் இனிமே கேக்காதும்மா" என்றார். நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். சிக்னலில் பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள் — எனக்கு!

மார்ச் 10, செவ்வாய்

புதுச் சிகிச்சை ஒன்று இருக்கிறதாம். என் ரத்தத்திலிருந்தே செல்களை எடுத்து, புற்றை அடையாளம் காணப் பழக்கி, திரும்ப உள்ளே விடுவார்களாம். செல்களுக்கும் டிரைவிங் ஸ்கூல்! வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தார். அப்புறம், "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடு" என்றார்.

சரக்கு ரயில் ஓட்டுகிற மனுஷன். திருப்பவே வேண்டாத வண்டி. லைசென்ஸுக்குப் போய் மூன்று தடவை தோற்றவர்.

மார்ச் 22, ஞாயிறு

"திருப்பறதுக்கு முன்னாடி கண்ணாடியப் பாருங்க!" தொண்டை வற்றக் கத்தினேன். என் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து முழங்கால் விட்டுப்போயிற்று. பதினெட்டு வருஷமாக இந்த இருக்கையில் நான் கண் அசந்ததே கிடையாது. இவருக்கு மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 16, வியாழன்

போன வாரம் என்னிடமிருந்து எடுத்த செல்கள் லேபில் வளரவில்லை. வளரவில்லையாம். அவ்வளவு நேரம் ஊசியோடு கிடந்தேனே... போதும்டா சாமி. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

இவர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். "நானும் இன்னிக்கு ஃபெயில்."

"மறுபடியுமா?"

"ஆமா. அடுத்த தேதி வாங்கிட்டேன். நீயும் வாங்கு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் உயிரும் உங்க லைசென்ஸும் ஒண்ணா? கேட்டேவிட்டேன்.

"ஒண்ணு இல்லதான். எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்?"

ஏப்ரல் 17, வெள்ளி

டாக்டரம்மாவுக்கு ஃபோன். "மறுபடி எடுங்க." உடம்பு தாங்குமா என்று இழுத்தார். நான் விடவில்லை. சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லவைத்தேன்.

மே 28, வியாழன்

இந்தத் தடவை செல்கள் வளர்ந்துவிட்டன. உள்ளேயும் போய்விட்டன. ஒரு சின்னப் பை. இவ்வளவுதானா?

தினமும் ஒரு வாக்கியம் எழுதிக் காட்ட வேண்டுமாம். இந்தச் சிகிச்சையில் மூளை தடுமாறலாம், கையெழுத்திலேயே அது தெரிந்துவிடும் என்றாள் நர்ஸ். எழுதிக் கொடுத்தேன்: திருப்பும் முன் கண்ணாடியைப் பார். விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூன் 6, சனி

சில நாள் எங்கே இருந்தேன் என்றே தெரியவில்லை. கடும் காய்ச்சல், தீவிர சிகிச்சைப் பிரிவு. அந்த நாட்களில் நான் எழுதின தாள் ஒன்றை நர்ஸ் காட்டினாள். 'திருப்பும்' வரை கோழி கிண்டிய மாதிரி எழுத்து; அப்புறம் வெறும் கோடு. என் கையா இது?

இவரைக் காட்டி யார் என்று கேட்டார்களாம். "இந்த ஆளுக்கு லைசென்ஸ் கிடையாது" என்றேனாம்.

இன்று முழு வாக்கியத்தையும் எழுதினேன். கோணல்மாணல்தான்.

ஜூன் 18, வியாழன்

வீடு. இன்னும் பல வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அழுதேன். புற்று என்று சொன்னபோதுகூட இப்படி அழவில்லை.

ஜூன் 26, வெள்ளி

பாஸ்!!! இவர்தான். நம்பவே முடியவில்லை.

ஜூலை 1, புதன்

ஸ்கேனில் கட்டி எதுவுமே இல்லை. டாக்டரம்மாவை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம், வருகிறேன், அதற்கென்ன. இவர் வெளியே போய் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து சாவியை எடுத்தார்.

எங்கள் பயிற்சி வண்டிதான். முதல் திருப்பத்தில் கண்ணாடியைப் பார்த்தார். இரண்டாவதிலும் பார்த்தார். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

"எழுந்திரும்மா, வீடு வந்தாச்சு" என்று இவர் தோளைத் தொட்டபோதுதான் கண்ணைத் திறந்தேன்.