செம்பும் இரும்பும் தொட்ட இடம்

செவ்வாய்க்கிழமை

இன்று நான் குழாய் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையில் சுடுநீர்க் குழாய் இணைப்பு ஒன்றைத் தொட்டேன். இரும்புப் பக்கம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. போன வருடம் நானே மாட்டியது. செம்பும் இரும்பும் நேரடியாகத் தொட்டால், தண்ணீர் ஓட ஓட இரும்பு அரித்துப்போகும். நடுவில் பிளாஸ்டிக் வாஷர் வைக்க வேண்டும். அன்று ஸ்டோரில் வாஷர் இல்லை. பிறகு வைக்கலாம் என்று விட்டவன் மறந்தே போனேன்.

அந்தக் குழாய்க்கு நேர் கீழேதான் என் மனைவி மாலா நின்று கையுறைகளைப் பெட்டியில் அடுக்குகிறாள்.

சூப்பர்வைசரிடம் தப்பை ஒப்புக்கொண்டு, மதியத்துக்குள் மாற்றிவிட்டேன். மாலாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது, குனோங் ராபாட் சமிக்ஞை விளக்கில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது சொன்னேன்.

பின்னால் உட்கார்ந்திருந்தவள், “இப்ப வாஷர் வச்சிட்டீங்கல்ல?” என்றாள்.

“வச்சிட்டேன்.”

“அதே மாதிரி வேற எங்க மாட்டினீங்க?”

யோசித்தேன். “பக்கத்து லைன்ல ரெண்டு இருக்கு.”

“அங்கயும் ஆளுங்க நிக்கிறாங்க லா. திருப்புங்க, போலாம்.”

இரண்டையும் மாற்றி முடிக்கும்வரை டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். திட்டியிருந்தால் எனக்கும் தூக்கம் வந்திருக்கும்.