ஃபேக்டரி பஸ்ஸில் இடமில்லாத அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை பெங்களூர் நீலசந்திராவில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் என் போனைத் திறந்து சூடான முனையை வைத்ததும் ஈயம் உருகி மெல்லிய புகை எழுந்தது. எத்தனை வருஷம் கழித்து அந்த வாசனை! "பொகை ஒத்துக்கலயா மேடம்?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டெலிபோன் ஃபேக்டரியில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தோம். ஒரே பெஞ்சு, ஒரே கம்பி, ஒரே புகை. எனக்கு வெகுமுன்பே வந்தவள் நீ. ஆனால் அப்பா இறந்து அவர் வேலை எனக்குக் கிடைத்ததால் நான் பர்மனென்ட், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த நீ டெம்பரரி. சாயங்காலம் ஃபேக்டரி பஸ் என்னை ஏற்றிக்கொள்ளும், உன்னை ஏற்றாது. ஒரு மழை நாளில் உனக்காக டிரைவரிடம் கெஞ்சினேன். அவர் மசியவில்லை. "நீ ஏறு, நனையாத. என் பஸ் பின்னாடியே வருது," என்றாய். அது வரவே இல்லை என்பது மறுநாள் உன் இருமலில் தெரிந்தது.

வெளிநாட்டு பட்டன் போன்கள் வந்திறங்கியதும் நம் போன்களைக் கேட்க ஆளில்லை. முதலில் டெம்பரரிகளை நிறுத்தினார்கள். கேட் மீட்டிங்கில் ஓரமாக நின்று கை தூக்கினாய். "டெம்பரரி விஷயத்த அடுத்த மீட்டிங்ல பாக்கலாம்மா," என்றார் சங்கத் தலைவர்.

"அடுத்த மீட்டிங்குக்கு நீங்க இருப்பீங்களான்னு பாத்துக்கோங்க சார்," என்றாய். சிலர் சிரித்தார்கள். சில வருஷத்திலேயே அந்தத் தலைவரும் நானும் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுப் பணம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஆனாலும் நாங்கள் வெறுங்கையோடு வரவில்லை. அந்தப் பணத்தில் என் மகள் இன்ஜினியரிங் படித்தாள். நீயோ ஓசூர் ரோடு கார்மென்ட்ஸில் சீக்கிரம் சீக்கிரம் என்று கன்னடத்தில் 'பேக, பேக' போடும் சூப்பர்வைசரின் விரட்டலுக்கு நடுவில் தைத்துக்கொண்டிருந்தாய். கண் மங்கியதும் அங்கேயும் போதும் என்றார்கள். பிறகு ஒரு கான்ட்ராக்டர் மூலம் எலெக்ட்ரானிக் சிட்டியில் துடைக்கிற வேலை. அது என் மகளின் கம்பெனி. மாப்பும் கையுமாக உன்னைப் பார்த்தவள் "பெரியம்மா!" என்று கத்திவிட்டாளாம். நீ சுற்றும்முற்றும் பார்த்து, "இங்க நான் பெரியம்மா இல்ல கண்ணு, ஹவுஸ்கீப்பிங்," என்றாயாம். வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை.

ஒரு மத்தியானம் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாய். ஆம்புலன்ஸ் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. வாசலில் கம்பெனி கேப் நின்றது. ஸ்டாஃப் தவிர யாரையும் ஏற்றக் கூடாது என்று செக்யூரிட்டி மறித்தார். சந்தாபுராவிலிருந்து வருகிற அந்த டிரைவர், இரண்டு பிள்ளைகளின் அப்பா, கதவைத் திறந்து, ஓடிவந்த என் மகளிடம், "மொதல்ல ஏத்துங்க மேடம், அப்புறம் பேசிக்கலாம்," என்றார். பிழைத்துக்கொண்டாய். மறுநாளே அவரை டியூட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நீ என்னிடம் கேட்டது உன் உடம்பைப் பற்றி அல்ல. "அந்த டிரைவருக்கு வேலை போச்சாமே, நெஜமா?"

நடக்க முடிந்ததும் கேப் கான்ட்ராக்டரின் ஆபீஸ் வாசலில் போய் நின்றாய். துணைக்கு நானும் வந்தேன். மேனேஜர் எரிச்சலோடு, "யாரும்மா நீங்க? அந்த டிரைவருக்குச் சொந்தமா?" என்றார்.

"இல்ல சார். அவரு வண்டியில வந்து பொழைச்சவ."

உள்ளே விடவில்லை. மறுநாளும் போனாய். மதியம் என் மகள் கழுத்தில் ஐ.டி. கார்டோடு நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து மற்ற டிரைவர்களும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றார்கள். பொழுது சாயும் நேரத்தில், "சரி, நாளைக்கு வரச் சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை. உடம்பு முடியாதவர்களை வைத்துக்கொள்ள முடியாது என்று உன் கான்ட்ராக்டர் சாக்குச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் மறுபடி நெஞ்சுவலி வந்தபோது நீ வீட்டில் தனியாக இருந்தாய். இந்த முறை பிழைக்கவில்லை.

அந்த டிரைவருக்காக நின்றுவிட்டு அன்று பஸ்ஸில் திரும்பும்போது, "உனக்காக யாருமே நிக்கலயே அக்கா, நீ மட்டும் ஏன் நின்னே?" என்று கேட்டேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "நின்னா கால் வலிக்கும். வேற என்ன ஆயிடும்?" என்றாய். வேலையும் போகும் என்பது அப்போது நம் இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் நின்றிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது என் மகளின் கம்பெனியிலேயே ஆட்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்புகிறார்கள். அவளோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இல்லை. "அடுத்தது நானா இருக்கலாம். இதுல என்னம்மா பண்ண முடியும்?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் அன்று பஸ்ஸில் நீ சொன்னதுதான். சொன்னேன். கேப் ஏறிப் போனாள்.

நேற்று வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். எங்கே போயிருந்தாள், என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"கால் வலிக்குதும்மா," என்றாள்.