உன் கல்லறையில் நான் ஒளித்த டப்பா

உன் நீலச் சட்டைப் பொத்தான் ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. உன் மனைவி ஸ்டெல்லா திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இது உங்க வெளயாட்டு சாமான்ணா, நீங்களே வெச்சிக்கங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து இதைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

பொம்மையார்பாளையத்து விடுதி ஒன்றில் ஏசி பழுது பார்க்கப் போனாய். அங்கே தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் உனக்கு இந்தப் பைத்தியத்தைத் தொற்ற வைத்தார். ஜியோகேச்சிங். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைச் செல்போன் செயலியில் போட்டுவிடுவார். தேடிக் கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் காகிதச் சுருளில் தன் புனைபெயரை எழுதி, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. "அப்புறம் இன்னாத்துக்குப்பா இந்த பேஜாரு?" என்று கேட்டேன். "ஒரு தபா கண்டுபுடிச்சிப் பாரு, அப்புறம் கேளு" என்றாய்.

நான் பத்திரம் எழுதுபவன். நான்கு எல்லையை எழுதியே வயிறு வளர்ப்பவன். திண்டிவனத்தில் எந்த மனை எங்கே முடிகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் முதல் நாள் விழுப்புரத்தில் இடிந்த பங்களா ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு ஓணானை மட்டும் கண்டுபிடித்தேன். நீ வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாய். உனக்குக் 'கேப்பைக்கூழ்', எனக்கு 'மல்லாட்டை' என்று புனைபெயர் வைத்ததும் அன்றைக்குத்தான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் நம்முடையவை ஆயின. வெள்ளைக்காரன் காலத்துச் சத்திரங்கள், கூரை போன ரயில்வே குடியிருப்புகள், பாழடைந்த ஜமீன் வீடு. செஞ்சிக் கோட்டைக்கும் போனோம். அங்கே மட்டும் எதையும் ஒளிக்கக் கூடாது என்றாய். "அதுவே பாட்டன் வெச்சிட்டுப் போன டப்பா. அதுக்குள்ள நாம வேற எதுக்கு?" உன் மாதா கோவில் கல்லறைத் தோட்டத்தின் பழைய பகுதியில், வெள்ளைக்காரப் பாதிரிகளின் பாசி பிடித்த கல்லறைகளுக்கு நடுவே, செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பாய். ஒருமுறை தேட வந்ததை மறந்துவிட்டு ஒரு சின்னக் கல்லின் முன் உட்கார்ந்துவிட்டாய். "நாலு வயசுப் பையம்பா. காய்ச்சல்ல போயிருக்கான்" என்றாய். அன்று டப்பா தேடவே இல்லை.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. நீ 'சர்வீஸ் கால்' என்று சொல்லிப் பூசையைத் தவறவிட்டாய். நான் பத்திரம் எழுதப் 'பார்ட்டி கூப்பிடுது' என்று கிளம்புவேன். ஒரே வண்டியில் இரண்டு புளுகர்கள். "சொன்னா சிரிப்பாங்கப்பா. நரைச்ச தலைய வெச்சிகினு டப்பா தேடறோம்னா யாரு ஒத்துக்குவாங்க?" என்பாய். நானும் தலையாட்டினேன்.

மாரடைப்பில் நீ போனபோது அதே தோட்டத்தின் புதிய பகுதியில் புதைத்தார்கள். எனக்கு அழக்கூடத் தெரியவில்லை. சில வாரம் கழித்துத் தனியாக வந்தேன். ஒரு பிலிம் டப்பாவில், நாம் சேர்ந்து கண்டுபிடித்த இடங்களின் எண்களை வரிசையாக எழுதிச் சுருட்டி வைத்தேன். பையில் இருந்தது சிவப்புப் பேனா. கூடவே உன் பொத்தான். கடைசியாகப் போன இடத்தில் சீமைக்கருவேல முள் உன் சட்டையை இழுத்தபோது தெறித்தது. "பத்திரமா வெய்யி, தெச்சிக்கணும்" என்று நீ என் கையில் கொடுத்தது. டப்பாவை உன் தலைமாட்டில், சிலுவையின் அடியில் மண்ணுக்குள் செருகினேன். உனக்கு மரியாதை செய்ததாக நினைத்தேன்.

கல்லறைத் திருநாள் வந்தால் ஒவ்வொரு குடும்பமும் புல்லைச் செதுக்கி, மண்ணைக் கொத்தி, சுண்ணாம்பு அடித்துவிட்டுத்தான் மெழுகுவத்தி ஏற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. பூப்போட்டுக் கும்பிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்டெல்லாவின் களைக்கொத்தில் டப்பா இடித்தது. திறந்தால் சிவப்பு மையில் எண்கள், புருஷனின் சட்டைப் பொத்தான். வேறு என்ன நினைப்பாள்? யாரோ செய்வினை வைத்துத்தான் உன்னைக் கொன்றார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். சட்டைப் பொத்தானை எடுக்கிற அளவுக்கு வீட்டுக்குள் வந்து போகிறவன் யார்? உன் தம்பி. வீட்டுப் பாகம் பற்றி உங்களுக்குள் மனஸ்தாபம் இருந்ததும் ஊருக்கே தெரியும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது உன் தம்பி என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தபோதுதான். தன் பங்கை அண்ணிக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொன்னான். "சொத்துக்குத்தான் செய்வின வெச்சேன்றாங்க. அந்தச் சொத்தே வாணாம் சார். எங்கண்ணனுக்கு நான் வெப்பனா? ஜல்தியா எழுதுங்க" என்று சொல்லும்போதே உடைந்துவிட்டான். அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். உன் ஞாயிற்றுக்கிழமைகள் அம்பலமாகிவிடுமே என்று நினைத்தேன். அது பாதி உண்மை. என் மானம் போய்விடுமே என்பது மீதி. "நாளைக்கு வாப்பா, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெல்லா நம்பவில்லை. "செத்தவர வெச்சி வெளயாட்றீங்களாண்ணா? அவரு ஞாயித்துக்கெழமைல சர்வீசுக்குப் போவாரு" என்றாள். செயலியைக் காட்டினேன், தலையைத் திருப்பிக்கொண்டாள். வேறு வழி தெரியவில்லை. மூன்று பேரும் ஆட்டோ பிடித்து, கண்டமங்கலம் பக்கம் நீயே ஒருமுறை டப்பா ஒளித்து வைத்த பழைய சத்திரத்துக்குப் போனோம். "செவுத்துல தேடும்மா. நீயே எடு" என்றேன். வெகுநேரம் துழாவினாள். ஒரு செங்கல் சந்தில் விரல் நின்றது.

சுருளைப் பிரித்தாள். முதல் வரியில் உன் கையெழுத்து: 'கேப்பைக்கூழ் வெச்சது. கண்டுபுடிச்சவங்க சந்தோசமா இருக்கணும்.' அதற்குக் கீழே யார் யாரோ எழுதிய பெயர்கள். உன் தம்பியிடம் அதை நீட்டினாள். அவன் வாங்கவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "தப்பா நெனச்சிட்டன் தம்பி" என்றாள் அவள். நான் இடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போதுதான் கேட்டாள். "இவ்ளோ எடம் சுத்திகினு இருந்திருக்கீங்க. ஒரு தபா என்னையும் கூட்டிகினு போயிருந்தா நான் என்ன, வேணான்னா சொல்லியிருப்பேன்?"

அவள் சிரிப்பாள் என்று நாமாகவே முடிவு செய்தோம். ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. "அக்காவுக்காச்சும் தெரியுமாண்ணா?" என்று என் மனைவியைக் கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன். டப்பா வைத்ததற்குப் பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உன் தம்பி இப்போதும் அண்ணி வீட்டுக்கு வந்து போகிறான். விடுதலைப் பத்திரம் எழுதவில்லை. அந்த மட்டில் உனக்குச் சொல்ல நல்ல செய்தி ஒன்று இருக்கிறது.

ஆனால் நீ விட்டுப்போன இன்னொன்று என்னிடம் அப்படியே இருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. செஞ்சிப் பக்கம் யாரோ புதிதாக ஒன்று ஒளித்திருக்கிறார்கள். செருப்பு மாட்டும்போது, "எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் என் மனைவி. உன்னையும் கூட்டிப்போகிறேன், வா என்று சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "ஒரு பார்ட்டி கூப்பிடுது" என்று வந்தது. அவள் உள்ளே போய்த் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து, "வெயிலு ஏறிப்போச்சி, தலைக்குத் துண்டு போட்டுக்குங்க" என்று கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.