சக்கர நாற்காலியை வாசலிலேயே பிடுங்கிக்கொண்ட கேளிக்கைப் பூங்கா மீது நடவடிக்கை கோருதல்

அனுப்புநர்
செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் பணிபுரியும் பெண்.
(பெயர், முகவரி, தொலைபேசி எண் தனி உறையில் உள்ளன. இம்மனுவின் நகல் பூங்கா நிர்வாகத்துக்கும் போகும். அவர்கள் பூங்கொத்தோடும் கேமராவோடும் என் வீட்டு வாசலில் வந்து நிற்பதை நான் விரும்பவில்லை.)

பெறுநர்
உயர் அலுவலர் அவர்கள்,
கேளிக்கை இடங்களுக்கான உரிமப் பிரிவு.

பொருள்: ஏரிக்கரைக் கேளிக்கைப் பூங்காவில் எனது மின்சக்கர நாற்காலியைப் பறித்துக்கொண்டது, அதனால் என் உடலுக்கு ஏற்பட்ட கேடு, என் சம்மதமின்றி என் படத்தை விளம்பரத்தில் போட்டது ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவில் ‘மன வருத்தம்’ என்று எழுதினால் போதும், அதுதான் மரியாதை என்று என் கணவர் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். வருத்தம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது எனக்கு இருப்பது அருவருப்பு. ஆகவே அந்தச் சொல்லையே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

1. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நேர்ந்த சாலை விபத்தில் எனக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அன்று முதல் மின்சக்கர நாற்காலியில்தான் நடமாடுகிறேன். வேலைக்குப் போவதும், காய்கறி வாங்குவதும், மகளைப் பள்ளியில் விட்டுவருவதும் அதில்தான். அதன் முதுகுப்புறமும் பட்டையும் என் உடம்புக்கென்றே அளவெடுத்துச் செய்தவை. இருக்கையில் காற்றறைகள் உள்ள ஒரு மெத்தை உண்டு. உணர்வில்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்தால் தோல் புண்ணாகிவிடும். வலிக்காது என்பதால் ஆறுவது இருக்கட்டும், வந்ததே தெரியாது. அந்த மெத்தை எனக்குச் சொகுசு அல்ல என்பதைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

2. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். வகுப்பில் எல்லோரும் அந்தப் பூங்காவுக்குப் போய்வந்துவிட்டார்கள், அங்கே அன்னப்படகு இருக்கிறது, அதில் என்னோடு உட்கார வேண்டும் என்று விடாமல் நச்சரித்தாள். நான் முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, இன்ன மாதிரி நாற்காலியில் வருவேன், அனுமதி உண்டா என்று கேட்டேன். “தாராளமா வாங்க மேடம், எல்லா வசதியும் இருக்கு” என்றது ஒரு இனிமையான குரல். நகரப் பேருந்து ஓட்டுநரான என் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டார். மூவரும் போனோம்.

3. நுழைவாயிலில் மேற்பார்வையாளர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். “பேட்டரில ஓடுறது எதுவா இருந்தாலும் வண்டிதான். வண்டி உள்ளே போகாது” என்றார். என் நாற்காலியை இருசக்கர வாகன நிறுத்துமிடத்தில் விடச் சொன்னார். இது வண்டி இல்லை, எனக்குக் கால் என்றேன். “அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது மேடம், ரூல்ஸ்” என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னால் பூங்கா ஊழியர் ஒருவர் பேட்டரி வண்டியில் குப்பைப் பைகளை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். குப்பைக்கு உள்ள அனுமதி எனக்கு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். வாண்டு அதற்குள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள்.

4. எனக்குக் கொடுக்கப்பட்டது தள்ளிக்கொண்டு போகும் இரும்பு நாற்காலி. ஒரு பக்கம் கால் வைக்கும் தட்டு இல்லை. இருக்கைத் துணி நனைந்திருந்தது. மழை பெய்யவில்லை. அது என்ன ஈரம் என்பதை வாசனையே சொல்லிவிட்டது. என் மெத்தையையாவது எடுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன். வெளிப்பொருள் அனுமதி இல்லை என்றார். என் கணவர் தன் துண்டை நான்காக மடித்துப் போட்டு, என்னைத் தூக்கி அதில் வைத்தார். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பார்க்கும்படி ஒரு காட்சியை ஏற்பாடு செய்தவர்கள்மீதுதான் என் புகார்.

5. அன்னப்படகின் மேடை தரைமட்டத்தில் இருக்கிறது. படகோட்டி நல்ல மனிதர். “ரெண்டு பேர் பிடிச்சா போதும்க்கா, ஏறிடலாம்” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். அதற்குள் அவருடைய வாக்கிடாக்கி கரகரத்தது. அதில் வந்த குரலை நாங்கள் மூவரும் கேட்டோம்: “முடியாதவங்களை ஏத்தாதப்பா. மத்தவங்க ஜாலியா இருக்க வந்திருக்காங்க, மூட் கெட்டுடும்.” படகோட்டி தலையைக் குனிந்துகொண்டார். வாண்டு என்னிடம், “நாம என்ன பண்ணோம்மா?” என்று கேட்டாள். இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கவும், அவளிடம் படித்துக் காட்டுகிறேன்.

6. எழுதக் கூசுகிறது, ஆயினும் எழுதாவிட்டால் நடக்கவில்லை என்றாகிவிடும். எனக்குச் சிறுநீர் குழாய் வழியாக ஒரு பையில் சேரும். அதைக் குறித்த இடைவெளியில் காலி செய்தாக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று சுவரில் பெரிய படம் வரைந்திருந்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே துடைப்பங்கள், பினாயில் கேன்கள், கரடி வேடத்துக்கான தலைகள். கோப்பையின் மேலேயே ஒரு தலை உட்கார்ந்திருந்தது. மற்ற கழிப்பறைகளின் கதவுகள் குறுகல், நாற்காலி நுழையவில்லை. கடைசியில் ராட்டினத்துக்குப் பின்னால் உள்ள சுவரோரம் ஒதுங்கினோம். என் மகள் என் மேல்துண்டை இரண்டு கைகளாலும் விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். என் கணவர் பையைக் காலி செய்தார். பூங்காக் காவலாளி ஒருவர் விசிலடித்தபடி வந்து, “குடும்பத்தோட வந்து பண்ற வேலையா இது?” என்று சத்தம் போட்டார். குழந்தை துண்டை இறக்கவில்லை.

7. இதற்குச் சற்றுப் பிறகு, நிழலில் நான் உட்கார்ந்திருந்தபோது கரடி வேடமிட்டவர் ஒருவரும் கேமராவோடு ஒருவரும் வந்தார்கள். கரடி என் தோளில் கை போட்டது. வேண்டாம் என்றேன். கேமராக்காரர், “ஒரே ஒரு ஸ்மைல் மேடம்” என்றார். கரடியின் தலைக்குள்ளிருந்து, “மன்னிச்சுக்கங்கக்கா, எடுத்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க” என்று மெதுவாக ஒரு குரல் வந்தது. வெயிலுக்கும் எரிச்சலுக்கும் முகத்தைச் சுளித்தேன். அதைப் படமெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

8. வெளியே வந்தபோது என் நாற்காலி விட்ட இடத்தில் இல்லை. பைக்குகளுக்கு நடுவே வேறொரு மூலையில் கிடந்தது. நாற்காலியை ஓட்டும் கைவிசை வளைந்திருந்தது. மெத்தையில் ஐஸ்கிரீம் ஒழுகிக் காய்ந்து, எறும்பு மொய்த்தது. பேட்டரி சுத்தமாகத் தீர்ந்திருந்தது. கேட்டதற்கு வாகன நிறுத்துமிடத்து ஊழியர் சிரித்துக்கொண்டே, “நம்ம ஸ்டாஃப்தான் மேடம், சும்மா ஆளுக்கொரு ரவுண்டு போனாங்க” என்றார். அந்தப் பூங்காவில் அன்று என் நாற்காலியில் உட்காரக் கூடாதவள் நான் ஒருத்தி மட்டுமே.

9. வாடகை வேனில் திரும்பி வீடு நெருங்கும்போது வாண்டு, “அம்மா, அடுத்த தடவை நீ வீட்டுலயே இரு, நானும் அப்பாவும் போய்ட்டு வந்துடறோம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் சமாதானம் சொல்லும் தொனியில் சொன்னாள். அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தது. ஆசிரியையிடம், என் அம்மாவால் வர முடியாது என்று அவளே சொல்லிவிட்டிருக்கிறாள். என்னை நினைத்து வெட்கமா, எனக்காகப் பயமா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை. அதுவரை அவள் என் மடியில் ஏறிக்கொண்டு பள்ளிவாசல் வரை வந்தவள். இப்போது தெருமுனையிலேயே இறங்கிக்கொள்கிறாள்.

10. அன்றைய நாளின் மீதி என் உடம்பில் தெரிந்தது. இடுப்பின் கீழ்ப்பகுதியில் அழுத்தப்புண் வந்து ஆழமாகிவிட்டது. வாரக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். பல் செய்யும் வேலை படுத்துக்கொண்டு செய்வதல்ல. மருத்துவரின் சான்றை இணைத்துள்ளேன்.

11. படுக்கையிலிருந்தே பூங்காவின் மேலாளரிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. “எல்லாமே உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்” என்றார். என் பின்புறத்தில் உள்ள புண் எந்தப் பாதுகாப்பில் சேர்த்தி என்று கேட்டேன். குடும்பத்தோடு இன்னொரு முறை இலவசமாக வந்து போகச் சொன்னார். வாந்தி எடுத்த இலையிலேயே மறுபடி பரிமாறுகிறோம் என்கிறார்கள்.

12. இவ்வளவோடு நின்றிருந்தால் ஒருவேளை நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சென்ற வாரம் காலை, பணிமனையிலிருந்து பேருந்தை வெளியே எடுக்கப் போன என் கணவர் அதன் பின்புறத்தில் என்னைப் பார்த்தார். புதிதாக ஒட்டிய விளம்பரம். நான், கரடி, அந்த இரும்பு நாற்காலி. மேலே, ‘எல்லோருக்கும் இங்கே இடமுண்டு’ என்று வண்ண எழுத்து. சுளித்த முகத்தைச் சிரித்த முகமாக்கியிருக்கிறார்கள். என் தொழிலே பல், ஐயா. பல் தெரிந்தால் அது சிரிப்பாகிவிடாது. அதுவும் அந்தப் படத்தில் உள்ள பல்வரிசை என்னுடையது அல்ல, யாருடையதையோ ஒட்டியிருக்கிறார்கள். என் கணவர் வண்டியை எடுக்க முடியாது என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டார். அதிர்ந்து பேசாத மனிதர் அவர். “என் பொண்டாட்டிய முதுகுல ஒட்டிக்கிட்டு ஊர் சுத்தச் சொல்றீங்களா?” என்று கேட்டிருக்கிறார். பணிமனை மேலாளர் படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வேறு பேருந்து கொடுத்தார். என் படம் ஒட்டிய அந்தப் பேருந்து மட்டும் வேறொருவர் கையில் இன்றும் ஓடுகிறது.

ஆகவே நான் தங்களிடம் வேண்டுவன:

(அ) சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நடைச்சட்டம் போன்றவற்றை வாகனம் என்று சொல்லி வாசலில் பிடுங்கும் விதியை அப்பூங்காவும் தங்கள் உரிமம் பெற்ற பிற பூங்காக்களும் உடனே நீக்க வேண்டும். நீக்கும்வரை உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது.

(ஆ) அந்தக் கழிப்பறையைத் தாங்கள் முன்னறிவிப்பின்றி நேரில் சென்று பார்க்க வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் கரடித் தலைகள் அன்றைக்கு மட்டும் வெளியேறிவிடும்.

(இ) என் படம் உள்ள விளம்பரங்கள் அனைத்தையும் கிழித்தெறிய வேண்டும். மேலே வேறு தாள் ஒட்டி மறைப்பதை ஏற்க மாட்டேன்.

(ஈ) ‘மூட் கெட்டுடும்’ என்று சொன்ன அதிகாரி யார் என்று கண்டறிந்து, அவர் என் மகளிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னிடம் வேண்டாம். அவளிடம் அவளுக்குப் புரியும் சொற்களில் கேட்க வேண்டும். படகோட்டியையும் கரடி வேடமிட்டவரையும் இதில் இழுத்துத் தண்டிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இம்மனுவை நேரில் கொடுக்க நேற்றே தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தங்கள் அறை மாடியில் இருக்கிறது. மின்தூக்கி இல்லை. வாசலிலேயே படிகள், சாய்தளம் இல்லை. கீழே நின்ற உதவியாளர், “குடுங்கம்மா, நான் மேல கொண்டுபோய்க் குடுத்துடறேன்” என்று அன்பாகத்தான் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். விசாரணைக்கு நாள் குறிக்கும்போது தாங்கள் கீழே இறங்கி வர வேண்டியிருக்கும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வளைந்த கைவிசையைச் சரிசெய்துவிட்டேன். படிகளுக்குக் கீழே என் நாற்காலியில் காத்திருப்பேன்.

நாள்: பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: என் வீட்டு முன்னறை

இங்ஙனம்,
(கையொப்பம்)

இணைப்பு: மருத்துவச் சான்று, பேருந்தின் பின்புறப் படம்.