ஒரு மூச்சுக்கு ஒரு வரி

என் செல்ல வாயாடிக்கு, அப்பா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நேற்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன், சந்தோஷம். இங்கே உன் அம்மா நலம், முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் அண்ணன் நலம், தொப்பை போட்டுவிட்டது. நான் நலமில்லை. கடிதத்தில் யாரும் இப்படி எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன், நலம் நலம் என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போய்விட்டது. இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீ அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, லீவு விட்டதும் வர்றோம், எல்லாரும் சேர்ந்து கடல் பாக்கப் போறோம் என்று குறுக்கே பாய்ந்துவிடுகிறாய். உன்னோடு மல்லுக்கட்ட எனக்கு மூச்சு இல்லை. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் உன் அண்ணன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான், அனுப்பும்போது அவனும் படிப்பான், நன்றாகப் படிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரியும் அம்மாடி. என் நுரையீரலில் இருப்பது இனி எந்த மருந்துக்கும் அடங்காது என்பதும், நீங்கள் என்னைச் சேர்த்திருப்பது உடம்பு தேறி வீட்டுக்குப் போகிற ஆஸ்பத்திரி இல்லை, கடைசி நாட்களை வலி தெரியாமல் கழிக்கிற இடம் என்பதும் வந்த அன்றே தெரியும். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டு மறுபடி மருந்து ஆரம்பிப்பாங்கப்பா என்று உன் அண்ணன் வாசலிலேயே காது குத்தினான். உள்ளே டாக்டரைக் கேட்டேன், டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ளலாமா என்று. என்ன பிடிக்குதோ தாராளமா சாப்பிடுங்க என்றார் மனிதர். வருஷக் கணக்காக ஒரு கரண்டி சர்க்கரைக்கு என்னை நாய் படாத பாடு படுத்திய கூட்டம், இப்போது தாராளமாம்! அப்போதே விளங்கிவிட்டது. சரி, இவர்களுக்கு நாடகம் ஆடினால்தான் நிம்மதி என்றால் ஆடட்டும் என்று நானும் சும்மா இருந்தேன். உன் அம்மா அழுகை வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள், திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருக்கும், என்ன ஆச்சு என்றால் சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்பாள். அந்தக் குழாயில் போன தண்ணீரில் ஒரு தெருவே குளித்திருக்கலாம்.

ஆயுசு முழுக்க நான் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆளிடம் இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவன் கதவை உதைக்க ஆரம்பித்துவிடுவான். அரை மணி நேரம் ஆகும்யா, கயிறு அறாது, கீழே உட்காரு என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவான். என்னிடம் மட்டும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே நான் உதைத்துக்கொண்டிருந்தது உங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

இங்கே வாரத்துக்கு இரண்டு முறை ஒரு பெண் கிடாரோடு வருவாள், முப்பத்தைந்து வயசு இருக்கும், முடியைக் கட்டையாக வெட்டியிருப்பாள், எல்லோரும் பாட்டு மேடம் என்று கூப்பிடுவார்கள். அவள் பாடிக் காட்டிவிட்டுப் போகிறவள் இல்லை, நம்மிடமிருந்து பாட்டை வாங்குகிறவள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நம்மைப் பேச விடுவாள், நாம் சொன்னதில் ஒரு துண்டை எடுத்து மெட்டுப் போட்டுத் திருப்பிப் பாடுவாள், நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று நாம் சொல்ல வேண்டும், வார்த்தை உங்களுது மெட்டு மட்டும்தான் என்னுது என்பாள். முதலில் வந்தபோது நான் போம்மா அந்தப் பக்கம் என்று விரட்டிவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு தபால்காரர் இருந்தார், அவர் ஆசையாகக் கூப்பிட்டு, தன்னைக் கடித்த நாய்களைப் பற்றியே ஒரு பாட்டுக் கட்டினார். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வரி, கடித்த இடம் உட்பட. அவர் கண்ணை மூடிய அன்று அவருடைய மூன்று மகள்களும் அந்தப் பாட்டின் பதிவைக் கட்டிலருகே போட்டார்கள், பின்பக்கத்தில் கடித்த நாய் வந்ததும் மூன்று பேரும் சிரித்தார்கள், கண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார்கள். அந்தக் கட்டிலைச் சுற்றி ஒருத்தர்கூட நடிக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, வெளிப்படையாகவே சொல்கிறேன். அடுத்த முறை அவள் வந்தபோது நானே கையசைத்துக் கூப்பிட்டேன்.

முன்னே பின்னே பாடியிருக்கீங்களா ஐயா என்று கேட்டாள். லிப்ட் குழிக்குள் இறங்கினால் பாடிக்கொண்டேதான் வேலை செய்வேன், பாட்டு நின்றால் மேலே நிற்கிற ஆள் எட்டிப் பார்ப்பான், அதற்காக என்றேன். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஆனால் என் மூச்சை வைத்துக்கொண்டு என்ன பாடுவது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். என் முதுகில் தன் உள்ளங்கையை வைத்து, பேசுங்க என்றாள், எங்கே மூச்சு அறுகிறதோ அங்கே வரி முடிகிறது, ஒரு மூச்சுக்கு ஒரு வரி. எனக்கு ஒரு மூச்சில் இரண்டு வார்த்தை, மிஞ்சினால் மூன்று. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு பாடுகிறவனுக்கு அது போதும். எல்லாம் சரி, ஆனால் அவள் கேள்வியெல்லாம் சுற்றிச் சுற்றி எங்கேயோ போனது. என்ன பூ பிடிக்கும், சின்ன வயசில் என்ன விளையாட்டு, பிள்ளைகளில் யார் செல்லம். பூவாவது மண்ணாவது, எழுதிக்கோம்மா முதல் வரி என்று சொல்லி, நான் சாகப் போறேன் என்றேன். கிடார் நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததுமே குட்டு உடைந்துவிட்டது. உன் அண்ணன் முன்கூட்டியே அவளிடம், அப்பாவுக்கு விஷயம் தெரியாது, பாட்டுல அது வந்துடக் கூடாது மேடம் என்று சொல்லி வைத்திருக்கிறான். பாவம், அவள் என்ன செய்வாள், அடுத்த முறை வரும்போது அந்த வரியைப் பூசி மெழுகி, தூரம் போறேன் என்று மாற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எங்கேம்மா தூரம், பஸ் பிடிச்சா, திரும்பி வர டிக்கெட் இருக்கா என்று கேட்டேன். மன்னிச்சிருங்க ஐயா, உங்க பாட்டு, உங்க வார்த்தை என்று சொல்லி, மாற்றியதை அடித்துவிட்டாள். அன்றிலிருந்து நாங்கள் உருப்படியாக வேலை செய்தோம். இதுதான் பாட்டு.

சாகப் போறேன் நான்
சத்தமா சொல்றேன்
தேறிடும்னு சொல்ற ஆளு
தெருவப் பாத்து நில்லு
கண்ணத் தொடச்சிட்டு வா
கதவச் சாத்தாத
இருக்குற நாளெல்லாம்
என்னோட நாளு

இலக்கணம் எல்லாம் பார்க்காதே, மூச்சுக்கு அடங்குகிறதா என்று மட்டும் பார். போன செவ்வாய்க்கிழமை இதைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தபோது உன் அண்ணன் சீக்கிரமே வந்துவிட்டான். முதல் வரி காதில் விழுந்ததும் முகம் வெளிறிப்போய், உள்ளேகூட வராமல் நேராகத் தலைமை நர்ஸ் அறைக்குப் போய்விட்டான். பாட்டை உடனே நிறுத்தணும், அந்த மேடம் இனி எங்க அப்பா பக்கம் வரக் கூடாது, அவர் மனசு விட்டுடுவார், என் தங்கச்சியும் இதையேதான் சொல்லியிருக்கா என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டான். ஆக, திட்டம் உன்னுடையது! நான் நினைத்தேன், அவனுக்கு அவ்வளவு மூளை ஏது என்று. மனசு விட்டுடுவேனாம், நானா? எட்டு மாடி உயரத்தில் ஒற்றைக் கயிற்றில் தொங்கியவன் நான், அம்மாடி. கட்டிலிலிருந்து இறங்கினேன், சக்கரம் வைத்த சிலிண்டரை ஒரு கையால் இழுத்துக்கொண்டு, நர்ஸ் பிள்ளைகள் ஐயா ஐயா என்று பின்னால் ஓடி வர, வராந்தாவின் நடுவில் போய் அவன் முகத்துக்கு நேராக நின்று பாடினேன். குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி இருந்தது, இருக்கட்டும். அவன் வேணாம்ப்பா வேணாம்ப்பா என்று கையெடுத்துக் கும்பிட்டான், நான் விடவில்லை. கதவச் சாத்தாத வரைக்கும் வந்தேன், அதற்கு மேல் மூச்சு வரவில்லை. வாயைத் திறக்கிறேன், காற்று இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எல்லோரும் பார்க்கிறார்கள், தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து உன் அம்மா பாடினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை, நீ கேட்டிருக்கிறாயா? கையில் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டு, மெட்டு கொஞ்சம்கூடப் பிசகாமல் இருக்குற நாளெல்லாம் என்று பாடினாள். எப்படித் தெரியும் என்று நினைக்கிறாய், பாட்டு மேடம் வந்த ஒவ்வொரு நாளும் இவள் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும், வாயைத் திறந்து சொல்லத்தான் தைரியம் இல்லை. கடைசி வரியை மட்டும் மாற்றிவிட்டாள். என்னோட நாளு என்று நான் வைத்திருந்ததை நம்மளோட நாளு என்று பாடிவிட்டாள். என்னைத் திருத்தாமல் அவளால் ஒரு நாள் இருக்க முடியுமா? பாட்டு மேடமும், ஐயா, இதுதான் சரி என்றாள், நானும் விட்டுக்கொடுத்தேன். உன் அண்ணன் அப்படியே வராந்தா தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான், நான் அவன் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன், எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. அவனை நீ ஒரு வார்த்தை திட்டக் கூடாது, ஆபீஸ் முடிந்து தினமும் வந்து என் முதுகைத் துடைத்துவிடுகிறவன் அவன்தான். அன்றைக்குப் பிறகு இங்கே குழாய்த் தண்ணீர் செலவு குறைந்துவிட்டது. உன் அம்மா என் கட்டில் பக்கத்திலேயே அழுகிறாள், அழுதுவிட்டு எனக்கு டீ ஊற்றுகிறாள், நீங்க இல்லாம மாடி வாடகைக்காரனை நான் எப்படிச் சமாளிப்பேன் என்று கேட்கிறாள், நான் வழி சொல்லிக் கொடுக்கிறேன். எவ்வளவு நிம்மதி என்று உனக்குத் தெரியாது.

மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். நேற்றுகூடக் கடல் பார்க்கப் போகலாம் என்றாய். நான் ம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன்மேல் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்பா தாங்க மாட்டார் என்று எப்படி முடிவு செய்தாய்? தாங்க முடியாதது நீதான் என்றால் அதைச் சொல், அதற்கும் நான்தானே அப்பன். டிக்கெட் போடு என்று சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை, அது உன் வேலையையும் குழந்தையின் பள்ளியையும் பார்த்து நீ முடிவு செய்ய வேண்டியது. ஆனால் வருகிற சனிக்கிழமை மதியம் பாட்டைப் பதிவு செய்கிறோம், நீ போனில் இருக்க வேண்டும், பேத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொள், அவளுக்கும் தெரியட்டும், தாத்தா பயந்து ஒளிந்துகொண்டு போகவில்லை என்று. நான் முதல் ஆறு வரி, உன் அம்மா கடைசி இரண்டு வரி. அழலாம், தடையில்லை. சரியாயிடும் என்று மட்டும் சொன்னாயோ, போனை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். என் சாவுக்குப் பிறகு போட்டுக் கேட்க இல்லை இந்தப் பாட்டு, நான் இருக்கும்போதே கேட்க.

இன்னொரு விஷயம். பாட்டைக் கட்டி முடித்த அன்று மேடம் மெதுவாக, ஐயா உங்களுக்குப் பயமா இருக்கா, அதுக்கு ஒரு வரி வைக்கலாமா என்று கேட்டாள். டாக்டர் கேட்கவில்லை, உன் அண்ணன் கேட்கவில்லை, உன் அம்மாகூடக் கேட்கவில்லை, இவள்தான் கேட்டாள். பதில் இருக்கும்மா, ஆனா அது பாட்டுக்கு இல்ல, என் பொண்ணுக்கு என்று சொல்லிவிட்டேன். உன்னைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சொல்லப்போவதில்லை, நீயாகக் கேட்காவிட்டால் உன்னிடமும் சொல்ல மாட்டேன், என்னோடு கொண்டுபோய்விடுவேன்.

நின்றுகொண்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. மாப்பிள்ளையைக் கனமான சாமான் எதையும் குனிந்து தூக்க வேண்டாம் என்று சொல். பேத்தி எதிர்த்துப் பேசுகிறாள் என்று அதட்டாதே, அது நம் குடும்பத்து வாய், கடைசி வரைக்கும் உதவும். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. மறக்காதே, சனிக்கிழமை பாட்டு முடிந்ததும் பயமா இருக்காப்பா என்று நீ கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, நான் பேசாமல் இருக்கிறேன் என்று பதறிப்போய்ப் பேச்சை மாற்றிவிடாதே. பதில் கொஞ்சம் நீளம், எனக்கு நாலைந்து மூச்சு ஆகும், காத்திரு.

உன்னைப் பெற்றவன்,
அப்பா