மருந்தடிக்காத பாதி

மார்கழி 5, திங்கள்

பனி. சிம்னி விளக்கைப் பாவாடையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். நைனா பார்த்தால் தோலை உரித்துவிடுவார்.

விவசாய ஆபீசர் வந்தார். புது ரக நெல்லில் புகையான் பூச்சியாம். எங்கள் வயலில் பாதிக்கு மட்டும் மருந்து அடித்தார்கள். சித்தப்பா நிலத்தை ஒட்டிய பாதிக்கு இல்லை. மீந்த மருந்து டப்பாவை நைனாவிடம் கொடுத்துவைத்தார்கள். அறுத்தபின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சோதனையாம். "அறுப்பு வரைக்கும் அதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். நைனா கை கூப்பினார்.

நாளை கணக்குப் பரீட்சை. ஒன்றும் ஏறவில்லை.

மார்கழி 9, வெள்ளி

அடிக்காத பாதியில் வட்டம் வட்டமாகக் கருகல். பூச்சி வரப்பு தாண்டிவிட்டது. சித்தப்பாவுக்கு இருப்பது அந்த ஒரு துண்டு நிலம். பொன்னேரி வரை போய்க் கேட்டார். மருந்து இல்லையாம்.

சாயங்காலம் எங்கள் வாசலில் கத்தல்.

"இன்னாண்ணா, உன் ஆபீசரு சோதன பண்ண என் பயிருதான் கெடச்சுதா? மிச்ச டப்பாவ குடு."

"அது ஆபீசு மருந்துடா. கேப்பாங்க. வாக்கு குடுத்துக்கீறேன்."

"அவரு ஜீப்புல ஏறி பூடுவாரு. உன் பாடைய தூக்க நான்தான் வரணும்!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சோறு அப்படியே இருந்தது.

மார்கழி 11, ஞாயிறு

சித்தப்பா அரிவாளோடு எங்கள் மருந்தடிக்காத பாதியில் இறங்கினார், கருகியதை அறுத்தெறிய. நைனா குறுக்கே நின்றார். அரிவாள் உயர்ந்தது. ஊர்க்காரர்கள் பிடித்து இழுத்தார்கள்.

மருந்து டப்பா நெல் குதிருக்குப் பின்னால்தான் இருக்கிறது. சித்தப்பா மகள் மல்லிகா என் வகுப்பு. அவளிடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். உள்ளே நைனா இருமினார். வைத்துவிட்டேன்.

மார்கழி 20, செவ்வாய்

சித்தப்பா நிலம் முழுக்க வைக்கோல் நிறம். கதிரெல்லாம் பதர். மாடுகூட மோந்துவிட்டு நகர்ந்துபோகிறது.

மல்லிகா பள்ளிக்கூடம் வரவில்லை. மெட்ராஸில் யார் வீட்டிலோ வேலைக்கு விடுகிறார்களாம். கிணற்றடியில் பார்த்தேன்.

"இந்தா உன் காம்பஸு. இனிமே எனக்கு இன்னாத்துக்கு?"

சிரித்தாள். வாங்கிக்கொண்டேன்.

தை 10

அறுப்பு. ஆபீசர் இரண்டு பாதி நெல்லையும் தனித்தனியே நிறுத்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வித்தியாசம் பளிச்சுனு தெரியுது. நல்ல சோதனை." நைனாவை வயலில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் சித்தப்பா கருகிய தாளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆபீசர் அங்கே திரும்பவே இல்லை.

"அடுத்த போகத்துக்கும் இதே நிலத்தை விடுவியாப்பா?"

நைனா ஒரு தரம் சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு, "சரிங்கய்யா" என்றார்.